கோர்ட் கமிஷனர் கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாரு, வீட்டைக் காலி பண்ண 15 நாள்தான் டைம், இப்ப என்ன பண்ணலாம்?

கேட்டவர்: வடக்குவாசல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, தூங்கி நாலு நாள் ஆச்சு, எழுத்து முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா ஒரு ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனில 24 லட்சம் லோன் போட்டு வீடு கட்டினாரு, 15 வருஷம், இஎம்ஐ 25,061. நானும் அதுல கோ-அப்ளிகன்ட். ஆறு வருஷம் ஒரு மாசம் கூட விடாம கட்டினாரு. போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, கடையையும் மூட வேண்டியதாயிடுச்சு, நான் வேலை பாக்கற இடத்துலயும் அந்த நேரம் பாத்து மூணு மாசம் சம்பளம் வரல. ஆஸ்பத்திரி செலவுக்கே கடன் வாங்கினோம். அப்படியே 13 இஎம்ஐ நின்னு போச்சு.

நான் வெளியூர்ல இருக்கேன், வீட்டுல அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். கம்பெனில இருந்து ரிஜிஸ்டர் போஸ்ட்ல ரெண்டு கவர் வந்திருக்கு, அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, எனக்கு சொன்னா நான் வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு பயந்து பீரோல துணிக்கு அடியில வச்சுட்டாங்க. ஒரு கவரைப் பிரிக்கவே இல்ல. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி யாரோ வந்து சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டி போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க, அதையும் அம்மா ராத்திரியோட ராத்திரியா தண்ணி தெளிச்சு சுரண்டி எடுத்துட்டாங்க. அவங்களைத் திட்ட எனக்கு மனசே வரல.

போன வாரம் ஒரு வக்கீல் வந்திருக்காரு, தலைமைக் குற்றவியல் நடுவர் கோர்ட் ஆர்டர் நகலை அம்மா கையில குடுத்து, நான்தான் அட்வகேட் கமிஷனர், 15 நாள்ல காலி பண்ணலன்னா போலீஸ் வச்சுப் பொசஷன் எடுப்போம்னு சொல்லிட்டு கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டாரு. அப்பாவுக்கு எழுந்து உக்காரவே ரெண்டு பேர் வேணும். அவரை எங்க தூக்கிட்டுப் போறது?

நோட்டீஸ்ல 18 லட்சத்து 60 ஆயிரம்னு போட்டிருக்கு. வீடு இன்னைக்கு வித்தா 45 லட்சத்துக்குக் குறையாது. என் கேள்வி இதுதான். எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கூட கேக்காம கோர்ட் எப்படி ஆர்டர் போட முடியும்? ஸ்டே வாங்க முடியுமா? நின்ன 13 மாசத்தை மட்டும் கட்டினா விடுவாங்களா, இல்ல மொத்தத்தையும் கட்டணுமா?

பதில் 1: கணக்குப்பிள்ளை

தம்பி, நான் பேங்க்ல ரெக்கவரி பிரிவுல 19 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த மாதிரி எத்தனையோ வீட்டுல நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இது நீங்க நினைக்கற மாதிரி கேஸ் நடத்தி தீர்ப்பு சொன்ன விஷயம் இல்ல. 2002ல வந்த சர்ஃபேசி சட்டப்படி கடன் குடுத்தவங்க கேஸே போடாம வீட்டை எடுத்து விக்கலாம். 90 நாள் தவணை நின்னா கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். அப்புறம் அந்தச் சட்டத்தோட 13(2) பிரிவுல மொத்தக் கடனையும் கட்டச் சொல்லி நோட்டீஸ், 60 நாள் டைம். அதுக்குள்ள கட்டலன்னா 13(4), அதாவது சுவத்துல பேப்பர் ஒட்டி பேருக்குப் பொசஷன் எடுக்கறது, உங்க அம்மா சுரண்டி எடுத்தாங்களே அது இதுவாத்தான் இருக்கும். அதை ரெண்டு பத்திரிகைலயும் போடணும், அதுல ஒண்ணு உள்ளூர் பாஷைல இருக்கணும். அதுக்கு அப்புறம் ஆளைக் காலி பண்ணி சாவி வாங்கறதுக்கு மட்டும்தான் செக்ஷன் 14ல கோர்ட்டுக்கோ கலெக்டர்கிட்டயோ போவாங்க. நடுவர் அங்க பாக்கறது பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும்தான், கம்பெனி அதிகாரி ஒன்பது விஷயத்தை உறுதி சொல்லி பிரமாணப் பத்திரம் குடுத்திருப்பாரு, அது திருப்தியா இருந்தா 30 நாள்ல ஆர்டர், காரணம் எழுதி 60 நாள் வரைக்கும் இழுக்கலாம். கடன் வாங்கினவனைக் கூப்பிட்டு விசாரிக்கற வேலை அந்தக் கட்டத்துல கிடையாது. அதனால அந்தக் கோர்ட்டுல போய் அழுது பிரயோஜனம் இல்ல தம்பி, அங்க கேக்க மாட்டாங்க.

உங்க மூணாவது கேள்விக்கு வர்றேன், இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. 13(2) நோட்டீஸ் போட்டாச்சுன்னா சட்டப்படி மொத்தக் கடனையும் கேக்கற உரிமை அவங்களுக்கு வந்துடுது. ஆனா நின்ன அசல் வட்டி பாக்கி முழுசையும் கட்டிட்டா கணக்கைத் திரும்ப நல்ல கணக்கா மாத்தலாம்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. உங்க கணக்குப்படி 13 தவணை, 3,25,793 ரூபாய், மேல வக்கீல் செலவு, நோட்டீஸ் செலவு, பெனால்டி. பாதி கட்டறேன்னா ஏறாது, பாக்கி முழுசும் தீரணும். கம்பெனி ஒத்துக்கிட்டா வீடு மிஞ்சும், பழைய இஎம்ஐயே ஓடும். ஒத்துக்கணும்னு கட்டாயப்படுத்த முடியாது, ஆனா கையில டிடியோட போனா பேச்சே வேற. வெறும் வாயோட வந்தவங்களுக்கு நானே டைம் குடுத்ததில்ல, இப்ப நினைச்சா மனசு உறுத்துது.

கிளைக்குப் போகாதீங்க, அங்க இருக்கற பையனுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. நோட்டீஸ்ல கீழ 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'ன்னு ஒருத்தர் கையெழுத்து இருக்கும், அவரைத்தான் பாக்கணும். பாக்கறதுக்கு முன்னாடி லோன் ஸ்டேட்மென்ட்டை முதல் நாள்ல இருந்து முழுசா கேட்டு வாங்குங்க. அதுல லோன் குடுத்த அன்னைக்கே இன்சூரன்ஸ் பிரீமியம்னு ஏதாச்சும் பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க. பாதிப் பேருக்கு தன் பேர்ல பாலிசி இருக்கறதே தெரியாது. சில பாலிசில ஸ்ட்ரோக்கும் உண்டு.

பதில் 2: கருக்கல்

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. தெரிஞ்சவங்க யாரையாவது வாடகைக்கு இருக்கற மாதிரி பழைய தேதி போட்டு ஒரு அக்ரிமென்ட் எழுதி உள்ள உக்கார வைங்க, வாடகைக்காரனை ஈசியா வெளிய தள்ள முடியாது. அப்படியே சிவில் கோர்ட்டுல ஒரு இன்ஜங்ஷன் போட்டு விடுங்க, எப்படியும் ரெண்டு வருஷம் இழுக்கும். என் மாமா அப்படித்தான் பண்ணாரு.

பதில் 3: நீலச்சட்டை

மேல சொன்னதைத் தயவு செஞ்சு செய்யாதீங்க. நான் டிஆர்டில, அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல, பிராக்டிஸ் பண்ற வக்கீல், இந்த யோசனையைக் கேட்டு மாட்டிக்கிட்டு வந்தவங்களை வாரத்துக்கு ஒருத்தராவது பாக்கறேன். 13(2) நோட்டீஸ் வந்த அப்புறம் கடன் குடுத்தவங்க எழுத்துல சம்மதிக்காம அந்த வீட்டை விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாதுன்னு 13(13) நேரடியாவே சொல்லுது. பழைய தேதி போட்டு எழுதறது மோசடி, முத்திரைத்தாள் வாங்கின தேதியை வச்சே பிடிச்சுடுவாங்க, அப்புறம் உண்மையான காரணம் இருந்தாலும் உங்களை யாரும் நம்ப மாட்டாங்க. சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்துல அதிகாரமே இல்லன்னு செக்ஷன் 34 இருக்கு. ஹைகோர்ட்ல ரிட் போட்டாலும் முதல்ல டிஆர்டிக்குப் போனியான்னுதான் கேப்பாங்க, சுப்ரீம் கோர்ட் 2010ல சத்யவதி டாண்டன் வழக்குல இருந்து இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு வருது.

வடக்குவாசல், உங்களுக்கு இருக்கற கதவு செக்ஷன் 17தான். அவங்க எடுத்த நடவடிக்கைல இருந்து 45 நாளுக்குள்ள டிஆர்டில மனு போடணும். தமிழ்நாட்டுல சென்னை, கோயம்புத்தூர், மதுரைல இருக்கு, உங்க மாவட்டம் எதுல வருதோ அங்க. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒட்டின பொசஷன் நோட்டீஸுக்கு 45 நாள் தாண்டிடுச்சு. ஆனா இப்ப வந்திருக்கற கமிஷனர் நோட்டீஸும் செக்ஷன் 14 ஆர்டரும் புது நடவடிக்கை, அதை வச்சு இப்பவே உள்ள வரலாம். ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. ஃபீஸைப் பத்தி பயந்துதான் நிறைய பேர் வராம போயிடறாங்க, 10 லட்சத்துக்கு மேல கடன்னா 5,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு லட்சத்துக்கும் 250. உங்க 18.60 லட்சத்துக்கு 7,250 வரும். வக்கீல் ஃபீஸ் தனி. முன்னாடி 75 சதவீதம் கட்டிட்டுத்தான் கேஸே போடணும்னு இருந்துச்சு, 2004ல மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்புல அதை அடிச்சுட்டாங்க. டிஆர்டில தோத்து அப்பீல் போனாத்தான் 50 சதவீதம் டெபாசிட், அதை 25 வரைக்கும் குறைக்கலாம்.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது அந்த ரெண்டு கவரும். பிரிக்காத கவரை அப்படியே பிரிக்காம கொண்டு போங்க, வக்கீல் முன்னாடி பிரிங்க. நோட்டீஸ் அப்பா பேர்ல மட்டும் வந்துச்சா உங்க பேர்லயும் வந்துச்சா, என்ன முகவரிக்கு, என்ன தேதி, 60 நாள் முழுசா விட்டாங்களா, பத்திரிகைல போட்டாங்களா, இதெல்லாம்தான் டிஆர்டில பேச முடிஞ்ச விஷயம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா இரக்கப்பட்டு டைம் குடுப்பாங்க, ஆனா அதுவே காரணம் ஆகாது. ஸ்டே குடுத்தாலும் இவ்வளவு தொகை இத்தனை நாள்ல கட்டுன்னு கண்டிஷனோடதான் பெரும்பாலும் வரும், அதனால பணத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டே கேஸ் போடுங்க. 'நான் கண்டிப்பா ஸ்டே வாங்கித் தர்றேன், ஒரு லட்சம் முன்பணம்'னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

பதில் 4: தாழ்வாரம்

வடக்குவாசல் தம்பி, நான் சட்டம் தெரிஞ்சவ இல்ல. எங்க வீடு போச்சு. இதை யார்கிட்டயும் விவரமா சொன்னதில்ல, உங்களுக்காக எழுதறேன்.

எங்களுக்கும் இதே மாதிரி கமிஷனர் தேதி குடுத்தாரு. வீட்டுக்காரர் தொழில்ல நஷ்டமாகி வீட்டை வச்சு வாங்கின கடன். எப்படியாச்சும் கடைசி நிமிஷத்துல பணம் வந்துடும்னு சொல்லிச் சொல்லி ஒரு சாமானைக் கூட கட்டவிடல அவரு. சாமானைக் கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு. காலைல பத்தரை மணிக்கு வந்தாங்க, கமிஷனர், பேங்க்காரங்க மூணு பேர், ரெண்டு போலீஸ், ஒரு பூட்டுக்காரர். யாரும் கத்தல, தள்ளல, மரியாதையாத்தான் பேசினாங்க, அதுதான் இன்னும் தாங்க முடியல. ஒருத்தர் அட்டையில பேப்பர் வச்சு ரூம் ரூமா எழுதிக்கிட்டே போனாரு, மின்விசிறி 4, கட்டில் 2, கிரைண்டர் 1னு. மாமியார் மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. எடுத்தேன். அரை மணி நேரத்துல அவங்க பூட்டைப் போட்டு, மேல துணி சுத்தி அரக்கு உருக்கி சீல் வச்சாங்க. தெருவே நின்னு பாத்துச்சு.

சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு, பையனோட பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் அவன் மேஜை டிராயர்ல இருக்குன்னு. அஞ்சு நாள்ல பரீட்சை. அதை வெளிய எடுக்க மனு எழுதி, கமிஷனரைத் தேடி, பேங்க்காரர் வந்து நிக்கணும்னு காத்திருந்து, மூணாவது நாள் கதவைத் திறந்து அதை மட்டும் எடுத்துக் குடுத்தாங்க. அவன் அந்த மூணு நாளும் ஒரு வார்த்தை பேசல.

அதனால ஸ்டே கிடைக்கும்னு முழுசா நம்பினாலும் இன்னைக்கே ஒரு பையில அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல், மாத்திரை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், சர்டிபிகேட் எல்லாம் எடுத்து சொந்தக்காரங்க வீட்டுல வச்சுடுங்க. அபசகுனம்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு. ஏலத்துல எங்க வீடு நாங்க நினைச்ச விலைக்குப் போகல, ரொம்பக் குறைவு. ஆனா கடன் போக கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அது எங்களுக்கு வரவேண்டிய பணம்னே எங்களுக்குத் தெரியாது. எட்டு மாசம் கழிச்சு ஒருத்தர் சொல்லி எழுதிக் கேட்டோம், அப்புறம்தான் குடுத்தாங்க. ஏலத்துக்கு விடறதுக்கு முன்னாடி நாங்களே ஆள் பாத்து வித்திருந்தா கையில ஒரு சின்ன வீட்டுக்கான பணமாவது நின்னிருக்கும். அதை நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

பதில் 5: கணக்குப்பிள்ளை

தாழ்வாரம் அம்மா எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரல. அவங்க கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம் தம்பி, அதுக்கு ஒரு கெடு இருக்கு, அதைத் தனியா சொல்றேன்.

ஏல அறிவிப்பு பத்திரிகைல வர்ற வரைக்கும்தான் வீட்டை மீட்கற உரிமை உங்களுக்கு உண்டு. 2016ல 13(8)ஐத் திருத்தி அப்படி மாத்தினாங்க. முன்னாடி எல்லாம் ஏலம் முடிஞ்சு ரிஜிஸ்டர் ஆகற வரைக்கும் கூட வந்து மொத்தப் பணத்தையும் கட்டி மீட்டிருக்காங்க, நானே பாத்திருக்கேன். 2023ல செலிர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அறிவிப்பு வந்தாச்சுன்னா அவ்வளவுதான்னு தெளிவா சொல்லிடுச்சு. உங்களுக்கு இன்னும் ஏல நோட்டீஸ் வரலன்னு நினைக்கறேன், வந்திருந்தா எழுதியிருப்பீங்க. முதல்ல விக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும், ஆக கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு, ஆனா அது தானா நீளாது.

45 லட்சம் போற வீடு, 20 லட்சம் பக்கம் கடன். பாக்கியைப் புரட்ட முடியலன்னா நீங்களே ஆள் பாருங்க. வாங்கறவர் பணத்தை நேரா கடன் கணக்குல கட்டணும், கம்பெனி எழுத்துல சம்மதம் குடுக்கணும், மிச்சம் உங்க கைக்கு. அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு மெயில் போட்டு அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். ஏலத்துல வில்லங்க வீடுன்னு பயந்து பாதிப் பேர் கிட்டயே வர மாட்டாங்க, வர்றவன் அடிமட்ட விலைதான் கேப்பான். நீங்க வித்தா அந்தப் பயம் இல்ல.

ஓடிஎஸ், அதாவது கொஞ்சம் தள்ளுபடி வாங்கி ஒரே தடவைல கட்டி முடிக்கறது, பேசலாமான்னு கேப்பீங்க. உங்க விஷயத்துல வீட்டு மதிப்பு கடனைவிட ரெண்டு மடங்கு, அவங்க எதுக்குத் தள்ளுபடி பண்ணணும்? பெனால்டியும் வக்கீல் செலவும் வேணா குறைப்பாங்க. அப்படிக் குறைச்சு முடிச்சா கடன் வரலாறு காட்டற சிபில் ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு, அதாவது முழுசா கட்டாம முடிச்சதுன்னு விழும், கோ-அப்ளிகன்ட் நீங்க, உங்க பேர்லயும் விழும்.

பதில் 6: வடக்குவாசல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாழ்வாரம் அக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அப்புறம்தான் அவங்க முழுசா பேச ஆரம்பிச்சாங்க. பை ரெடி பண்ணி சித்தி வீட்டுல குடுத்தாச்சு.

ஊருக்கு வந்துட்டேன். ஸ்டேட்மென்ட் வாங்கினேன், கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரியே லோன் குடுத்த மாசமே இன்சூரன்ஸ் பிடிச்சிருக்காங்க, ஒரு நிமிஷம் உயிர் வந்துச்சு. பாலிசியைத் தேடி எடுத்துப் படிச்சா இறந்தா மட்டும்தான் கிளெய்ம், ஸ்ட்ரோக் இல்ல. அப்பாவுக்குக் கேக்கற தூரத்துல உக்காந்துதான் படிச்சேன், அப்படியே மூடி வச்சுட்டேன்.

பிரிக்காத கவரை வக்கீல் முன்னாடி பிரிச்சோம். அதுதான் 13(2) நோட்டீஸ், அப்பா பேர்ல மட்டும் இருக்கு. எனக்கு அனுப்பினதா ஆர்டர்ல எழுதியிருக்காங்க, ஆனா நான் ரெண்டு வருஷம் முன்னாடியே காலி பண்ணின பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கு. புது முகவரியை நான் கம்பெனிக்கு மெயில்ல குடுத்தது இன்னும் அனுப்பின ஃபோல்டர்ல இருக்கு. வக்கீல் இது கொஞ்சம் பேசக்கூடிய பாயின்ட்டுன்னு சொல்றாரு, இதை மட்டும் நம்பி இருக்காதேன்னும் சொல்றாரு. நாளைக்கு மனு ஃபைல் பண்றோம். தங்கச்சி நகையை வச்சு ஒண்ணே முக்கால் லட்சம் ரெடி ஆயிருக்கு, மீதிக்கு பிஎஃப்ல அட்வான்ஸ் கேட்டிருக்கேன்.

ஒரு சந்தேகம், ரெக்கவரி ஏஜென்ட்டுனு ஒருத்தன் ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, நாளைக்கே தூக்கி வெளிய போடுவோம்னு பேசறான். இதுக்கு என்ன பண்ணணும்?

பதில் 7: நீலச்சட்டை

காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, மிரட்டவும் கூடாது. கால் ரெக்கார்ட் பண்ணுங்க, தேதி நேரத்தோட கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, அந்த மெயில் நகலை மனுவோட சேருங்க. அம்மா அந்த நம்பரை எடுக்கவே வேண்டாம்.

பதில் 8: வடக்குவாசல்

இன்னைக்கு விசாரணைக்கு வந்துச்சு. மொத்தம் எட்டு நிமிஷம் கூட இல்ல. முகவரி விஷயத்தை வக்கீல் சொன்னாரு, அவங்க தரப்பு பதில் போட டைம் கேட்டாங்க. ரெண்டு வாரத்துல 3 லட்சம் கட்டணும், கட்டினா அடுத்த விசாரணை வரைக்கும் பொசஷன் எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர். கட்டலன்னா ஸ்டே தானா போயிடும். கமிஷனர் குடுத்த தேதி நாளன்னைக்கு. அப்பாகிட்ட சொன்னேன், அவருக்கு இன்னும் பேச்சு சரியா வரல, இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு.

ஒண்ணே முக்கால் லட்சம் டிடி நாளைக்கே எடுத்துடலாமா, இல்ல மொத்தமா சேத்துக் கட்டணுமா?

பதில் 9: நீலச்சட்டை

இருக்கறதை நாளைக்கே கட்டுங்க, மீதியை 14வது நாள் வரைக்கும் வைக்காதீங்க, பத்து நாளுக்குள்ள முடிங்க. ஆர்டர்ல என்ன பேர்ல கட்டச் சொல்லியிருக்கோ எழுத்து மாறாம அந்தப் பேர்லதான் டிடி. கம்பெனில குடுத்து சீல் போட்ட ரசீது வாங்குங்க, பணம் முழுசா கட்டின அன்னைக்கே அந்த ரசீதோட டிஆர்டில மெமோ போடணும், வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்க. அப்புறம் ஆர்டர் நகல் ஒண்ணை இன்னைக்கு சாயங்காலமே அட்வகேட் கமிஷனர் ஆபீஸ்ல நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்குங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினேன்னு விட்டுடாதீங்க. அவருக்குத் தகவல் போகலன்னா நாளன்னைக்கு பூட்டுக்காரரோட வந்து நிப்பாரு.